மீன் செய்யாத வேலை

மகளே, மகனே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். பெரியவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு, இங்கே தப்பு அங்கே தப்பு என்று வருவாள். சின்னவன் மெதுவாகப் படிப்பான். அவசரமில்லை. நானும் மெதுவாகத்தான் எழுதினேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் கை, பேனாவை ஸ்பேனர் மாதிரிதான் பிடிக்கும்.

சின்னவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைச் சேர்த்துப் படிக்க மூளை சிரமப்படுகிறது என்று பள்ளியில் சொன்ன அன்று உங்கள் அம்மா அழுதாள். நான் கூகுளைத் திறந்தேன். இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று இன்றுவரை தெரியவில்லை. கலர் கண்ணாடி போடு, ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நம் மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஓர் அங்கிள் வல்லாரைக் கீரை என்றார். தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தேன். சின்னவன் அதை வாசலில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றினான். செடி நன்றாக வளர்ந்தது. ஆனால் அதுவும் படிக்கவில்லை.

பள்ளியில் ஒரு டீச்சர் சின்னவனைத் தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு ஒலியாகப் பிரித்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து வந்தார். அது எனக்குச் சிகிச்சையாகவே தோன்றவில்லை. அதில் மெஷின் எதுவும் இல்லையே.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று கேள்விப்பட்டோம். டேப்லெட்டில் விளையாடினால் படிப்பு வருகிறதா என்று பார்க்கிறார்களாம். அங்கே இருந்த இளம்பெண் பொறுமையாக விளக்கினாள். பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். எல்லோருக்கும், வலையில் சிக்காமல் மீனை ஓட்டுகிற ஒரே மாதிரி விளையாட்டு. ஆனால் ஒரு கூட்டத்துக்குக் கொடுப்பதில்தான் பயிற்சி இருக்கும்; மற்றது சும்மா விளையாட்டு, ஒப்பிட்டுப் பார்க்க. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். முடியும்வரை யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். அசல் விளையாட்டு நமக்கு விழுந்தால் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று புனிதரிடம் நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு அப்பனும் இப்படிப் புனிதரைப் பிடித்துக் குலுக்கலில் கைவைக்கச் சொன்னால் ஆராய்ச்சி என்ன கதியாகும் என்று அப்போது தோன்றவில்லை.

தினமும் மாலையில் சின்னவன் மீன் ஓட்டினான். பெற்றோர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நான் இருந்தேன். திரையில் ஓர் எழுத்துகூட இல்லையே என்று பெரியவள் கேட்டாள். பயிற்சியை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் ஆராய்ச்சி என்றேன். விளையாடி முடித்ததும் டேப்லெட் சார்ஜில் கிடக்கும். சும்மா இருப்பானேன் என்று நானும் சின்னவனும் விரல் வைத்து நாலு வரி படிப்போம்.

சில மாதங்களில் சிராங்கூன் சாலையில் நடக்கும்போது நகைக்கடை, பலகாரக்கடை என்று பலகைகளைத் தானாகவே படிக்க ஆரம்பித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மீனின் புகழைப் பாடாத இடமில்லை. பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது பாடினேன். பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனுஷரிடம்கூட, கதவைத் திறப்பதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டேன். பாவம், அவரால் எங்கே ஓட முடியும். இதையெல்லாம் கேட்ட பங்குத் தந்தை, தமிழ்ப் பூசையில் மக்களுக்காக வேண்டும் மன்றாட்டு ஒன்றைச் சின்னவனே படிக்கட்டும் என்றார். நாலே வரி. ஆனால் மைக்கில், கோயில் முழுக்க ஆட்கள் இருக்க.

அவன் படிக்கவேண்டிய ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை இளம்பெண் போன் செய்தாள். ஆராய்ச்சி முடிந்தது, திங்கள்கிழமை டேப்லெட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். நமக்கு விழுந்தது சும்மா விளையாட்டாம். வேண்டுமானால் அசலை இனிமேல் தருவார்களாம்.

புனிதர் என் காசில் மெழுகுவத்தி வேண்டாம் என்றிருக்கிறார்.

இதற்கிடையில் சின்னவன், ஞாயிறு காலை மீன் விளையாடிவிட்டுத்தான் படிக்கப் போவேன், இல்லாவிட்டால் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு விளையாடட்டும், அப்புறம் சொல்லலாம் என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் வசதி. பெரியவள் விடவில்லை.

"அடுத்த தடவை படிக்கணும்னா என்ன பண்ணுவீங்க? டேப்லெட்டைத் திருடிட்டு வருவீங்களா? ரெண்டு பார்ட்டை ஒரே நேரத்துல மாத்தினா லிஃப்டை எது சரி பண்ணுச்சுன்னு தெரியாதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? டீச்சர் ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்தாங்க, நீங்களும் உட்கார்ந்து படிச்சீங்க. நீங்க போய் மீனுக்கு மாலை போட்டுட்டீங்க லா."

சனிக்கிழமை மாலை சின்னவனிடம் சொன்னேன். அவன் திரையில் நின்ற மீனை விரலால் தள்ளிப் பார்த்தான். இனி மைக் பக்கமே போகமாட்டான் என்று நினைத்தேன்.

"மீன் ஒண்ணுமே பண்ணலையா?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"அப்போ யாரு பண்ணாங்க?"

"வேற யாரு, நீதான் லா," என்றாள் அக்கா.

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்போ நீங்க ஏன் எல்லார்கிட்டயும் மீன்தான் பண்ணுச்சுன்னு சொன்னீங்க?"

லிஃப்ட் நடுவில் நின்றால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. தப்புதான்பா என்றேன். அவன் டேப்லெட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, அந்த நாலு வரியை எடுத்து வரச் சொன்னான். அசல் விளையாட்டிலும் மீன்தானா என்று கேட்டான். ஆமாம் என்றதும், போர் லா என்றான்.

ஞாயிறு காலை மீனைத் தொடவில்லை. மைக் எட்டாததால் ஒரு பலகைமேல் நின்றான். "பராமரிப்போருக்காகவும்" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டான். பாடகர் குழு அங்கிள் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்தார்; அவன் அவரைப் பார்க்கவே இல்லை. விரலைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், உடைத்து உடைத்துச் சேர்த்து, முழுதாகச் சொன்னான். யாரோ இருமினார்கள். பிறகு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயிலே சேர்ந்து பதில் சொன்னது. வெளியே காப்பி குடிக்கும்போது ஒருவர் மீன் விளையாட்டின் பெயரைக் கேட்டார். அது சும்மா விளையாட்டு, படித்தது என் மகன் என்றேன். அவர் நம்பவில்லை.

திங்கள்கிழமை தேக்கா பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்கில் வேலை முடிந்தது. டேப்லெட்டைக் கொடுக்கப் போகும் வழியில் கடையில் ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வாங்கி மூலையில் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின் மீனைத் திறந்தேன். மேலே சின்னவன் எடுத்த புள்ளிகள் பெரிதாக நின்றன. என் மீன் கிளம்பினவுடனே வலையில் விழுந்தது. தே ஆறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவன் புள்ளிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.