என் தங்கை குடித்தபோது

என் தங்கை குடிக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது, அனுமந்தை வளைவில் அவள் ஸ்கூட்டியோடு விழுந்த அன்றுதான். காலை நேரம். ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை, அங்கே போய்க்கொண்டிருந்தாள். தூக்கிவிட்ட மீன்காரப் பெண்களுக்கு வாடை தெரிந்துவிட்டது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் பிராந்தி இருந்தது.

கிளியனூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா வந்திருந்தார். உப்பளத்தில் மேஸ்திரி. மதியத்துக்குள்ளாகவே குடித்திருந்தார். கை முறிந்து கிடந்தவளைக் கன்னத்தில் அறைந்தார்.

"பொட்டப் புள்ள குடிக்கிறியா? மானத்த வாங்கிட்டியேடி!"

நர்ஸ் அவரைப் பிடித்து வெளியே தள்ளினாள். "யோவ், உன்னாலயே நிக்க முடியல. அந்தாண்ட போய்யா!"

மாதா கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம் சுகர் இறங்கி மயங்கி விழுந்தாள் என்று அம்மா சொன்னாள். அப்பாவுக்காக அவள் அப்படிப் பொய் சொன்னதே இல்லை. தேவைப்படவில்லை. சாயங்காலம் அவர் கூடத்தில் உட்காருவார். அம்மா மீன் வறுப்பாள். கிளாஸும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பது சின்ன வயதிலிருந்தே தங்கையின் வேலை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மட்டும் அப்பா தொடமாட்டார். அதை வைத்து, தான் குடிகாரன் இல்லை என்பது அவர் கட்சி.

எப்படி ஆரம்பித்தது என்று தங்கையிடம் கேட்டேன்.

"கூட வேல செய்ற பொண்ணுங்களோட பாண்டில பீரு. அவளுங்க அதோட நிறுத்திக்கிட்டாளுங்க. என்னால முடியலக்கா. காலைல கை நடுங்குது. குடிச்சாதான் மாவு பிசைய முடியுது."

கட்டுப் பிரித்ததும் பாண்டிச்சேரியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். குடும்பத்தோடு பேச வேண்டும் என்று அங்கே கவுன்சிலிங் கொடுப்பவர் கூப்பிட்டார். அப்பா வரவில்லை. "நான் என்ன குடிகாரனா? உழைக்கிறேன், குடிக்கிறேன்" என்றார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் தங்கை வீடு திரும்பினாள். நானும் கூடப் போயிருந்தேன். அன்று சாயங்காலமே அப்பா பாட்டிலைத் திறந்தார். தங்கை அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் கெஞ்சினாள்.

"நான் இருக்கிற எடத்துல வேணாம்னு அவர்கிட்ட சொல்லும்மா. வாடை அடிச்சாலே என்னால இருக்க முடியல."

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அவரு வீடு. அவர எங்கடி போவச் சொல்றது? நீ வேணா கொஞ்ச நாளு அக்கா வீட்டுல இரு."

குடிக்கிறவர் கூடத்தில் இருந்தார். குடியை விட்டவள் பையை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

சில மாதங்கள் என்னிடம் இருந்தாள். இப்போது பாண்டியில் பெண்கள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வேறொரு பேக்கரிக்குப் போகிறாள். நடுவில் ஒருமுறை குடித்துவிட்டாள். யாரும் சொல்லாமல் தானே மையத்துக்குத் திரும்பப் போனாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

போன மாதம் சித்தி மகன் கல்யாணம். "அவள கூட்டிட்டு வராத. நாலு பேரு கேப்பாங்க" என்று அம்மா போனில் சொன்னாள். தனியாகப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்துவைத்து அப்பாவும் மாமாக்களும் குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"உன் தங்கச்சி இன்னும் குடிக்கிறாளாமே?"

"இல்லத்தை. நிறுத்திட்டா."

"பொம்பளைக்கு அந்தப் பழக்கம் வந்தா போவாதாம்மா" என்று சொல்லிவிட்டு, ரசம் கேட்டாள்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.