விரிப்பு மட்டும் போதும் என்றார்கள்

ஜாய்ஸை முதல் தடவை பார்ப்பவர்கள் அவள் எங்கேயோ போர்வெல் போடப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். தோள் உயரத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், இரு முனையிலும் மூடி, நடுவில் கயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கருங்குழியில் அவள் பஸ் ஏறினால் கண்டக்டருக்கு அன்றைய சண்டை ஆரம்பம்.

“இன்னாமா இது? பின்னாடி ஏணில கட்டு.”

“கட்ட மாட்டேன். லக்கேஜ் டிக்கெட் குடு, நானே புடிச்சுகினு நிக்கறேன்.”

ஒரு நாள் மழையில் ஒரு கண்டக்டர் பிடிவாதமாகக் கட்டச் சொன்னார். அவள் படாளத்தில் இறங்கி, துப்பட்டாவைக் குழாய்களின் மேல் சுற்றி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். அவள் தொப்பலாக நனைந்தாள், குழாய்க்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

குழாய்க்குள் இருப்பது விரிப்பு. மேலே துணி, அடியில் ரப்பர். ஆறடிக்கு நாலடி. மேஜையில் விரித்தால் ஒன்று பாலைவனம், ஒன்று பனிமலை, ஒன்று இடிந்த ஊர். அதன்மேல் கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்ப் பொம்மைகளை நிறுத்தி, இரண்டு பேர் மோதுவார்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இஞ்ச் டேப் வைத்து அளப்பார்கள், சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான். வளர்ந்தவர்களுக்குப் பொம்மை விளையாட்டா என்று சிரிக்காதீர்கள். டிவியில் யாரோ அடித்த பந்துக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடக்கிற ஊர் இது. சிரிக்கிற யோக்கியதை நமக்குக் கிடையாது.

ஜாய்ஸுக்கு முப்பத்து நாலு வயது. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து சரி, தப்பு என்று பிரிக்கும் வேலை. அப்பா ஏசுபாதம் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர். “எங்க நைனாவுக்கு ஒரு செண்டு நெலம் கெடையாது. எனக்குப் பாரு, பாலைவனம், பனிமலைன்னு ஆறு நாடு கீது” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அது வெறும் சிரிப்பில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கிளப்பில் அவள் இந்த ஆட்டத்தைக் கற்கப் போனாள். முதல் நாள் இரண்டு மணி நேரம் விதிப் புத்தகத்தை இங்கிலீஷில் வாசித்துக் காட்டினார்கள். பகடையை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தடிப் புத்தகத்தை அகராதியோடு நாலு மாதம் தனியாகப் படித்தாள். பிறகு செங்கல்பட்டில் ஒரு டியூஷன் சென்டர் அறையைக் கேட்டு வாங்கி, ஞாயிறுதோறும் தமிழில் சொல்லித்தர ஆரம்பித்தாள். வருகிறவர் உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் பகடை அவர் கையில் இருக்கும். ஆளுக்கு ஐந்து சிப்பாய், ஒரு சண்டை, அப்புறம்தான் விதி. ஆட்டோ ஓட்டுகிறவர், நர்ஸ், பாங்க் குமாஸ்தா என்று நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்டு போனார்கள். கிளப்பும் அதைத் தன் செங்கல்பட்டுக் கிளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

நான் மீனாட்சி. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் விழா மண்டபத்துக்கு மேஜை நாற்காலி போடும் பொறுப்பு என்னுடையது. வீடு பக்கத்துக் குப்பத்தில். போன தை மாதம் அந்த கிளப் எங்கள் மண்டபத்தில் ஒரு நாள் திருவிழா வைத்தது. பழைய ஆட்டக்காரர்களுக்குப் போட்டி, புதியவர்களுக்குத் தனி மேஜையில் பாடம். ஆறு மேஜைக்கும் விரிப்பு ஜாய்ஸுடையது. பாடமும் தன்னுடையது என்று நினைத்துத்தான் அவள் விடிகாலையில் கிளம்பி, செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்ந்தாள்.

மேஜை மாற்றிப் போட வேண்டியிருந்த ஒரு விரிப்பை, உதவலாம் என்று நான் சுருட்டிப் பார்த்தேன். பாயைச் சுருட்டுவது போல, படம் கசங்கக் கூடாதே என்று படத்தை உள்பக்கம் வைத்தேன். ஜாய்ஸ் தலையில் கை வைத்தாள்.

“அக்கா, படம் வெளிய இருக்கணும். உள்ள வெச்சு சுருட்டுனா நாளைக்கு விரிக்கசொல்ல ஓரம் தூக்கிகினு நிக்கும். சிப்பாய்ங்க எல்லாம் குப்புற வுழுவானுங்க.”

ஆறு மேஜையும் தயாரானதும் கிளப்பை நடத்தும் லக்ஷ்மிநாராயணன் வாசலில் பலகையை வைத்தார். புதியவர்களுக்குச் சொல்லித்தருபவர் என்ற இடத்தில் வேறு பெயர், சென்னைப் பையன் ஒருவன். கீழே பொடி எழுத்தில் ‘விரிப்பு உதவி: ஜாய்ஸ்’.

“சார், பாடம் நான்தானே எடுக்கணும்?” என்றாள் ஜாய்ஸ்.

“நீங்க மேட் போட்டுக் குடுத்ததே பெரிய ஹெல்ப், ஜாய்ஸ். இன்னைக்கு வர்றவங்க கொஞ்சம் பெரிய இடம். இங்கிலீஷ்ல, சிலைடு போட்டு, டீசன்ட்டா பிரசன்ட் பண்ணணும். நீங்க ரிலாக்ஸா உக்காந்து பாருங்க.”

“நாலு வருஷமா சொல்லிக் குடுத்தது டீசன்ட் இல்லியா?”

“அது செங்கல்பட்டு. இது வேற.”

பந்தல் போட்டவனைப் பந்தியில் உட்காராதே என்கிற கதைதான். எனக்கே காது மடல் சுட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முதல் மேஜைக்குப் போய் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, படம் வெளியே தெரிய, சுருட்ட ஆரம்பித்தாள்.

“ஜாய்ஸ், என்ன பண்றீங்க? பத்து மணிக்கு மேட்ச்!”

“மேட் என்னுது சார். நான் எங்க சொல்லித் தரேனோ அங்கதான் இதுவும் இருக்கும்.”

ஆறையும் சுருட்டிக் குழாயில் போட அரை மணி நேரம் ஆனது. சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. எனக்கு வேலை போகும் என்ற பயம் இருந்தது. இருந்தும் ஒரு குழாயை நான் தூக்கிக்கொண்டேன். அப்போது தூக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் குப்பத்தில் கடலோரமாக வலை பின்னுகிற கூடம் ஒன்று உண்டு, அவளை அங்கே கூட்டிப்போனேன். காலை மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே பிளைவுட் பலகை போட்டோம். வலை பின்னிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிங்காரம் எட்டிப் பார்த்தார்.

“இன்னா தங்கச்சி இது?”

“சண்டை அண்ணாத்த. வா, ஒக்காரு. இந்தா டைஸ்.”

பத்து நிமிஷத்தில், எதிரில் ஆடிய ஜாய்ஸின் பகடைக்கு அவருடைய சிப்பாய் ஒருவன் விழுந்தான். விழுந்தவனை விரிப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஜாய்ஸ் கை நீட்டினாள். சிங்காரம் அந்தக் கையைத் தள்ளினார்.

“எடுக்காத. வுழுந்தவன வுட்டுட்டு நாங்க கரைக்கு வர்றது கெடையாது.”

“அண்ணாத்த, அவன் செத்துட்டான். ஆட்டத்துல இல்ல.”

“செத்தா இன்னா? கடல்ல ஒருத்தன் போனா பொணத்தையாவது கொண்டாருவோம். இவன் வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

சுற்றி நின்ற வலைக்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். விளையாட்டு தெரிந்த எவனும் செத்தவனுக்காக ஆட்டத்தை விடுகிற இந்தத் தப்பைச் செய்யமாட்டான். ஜாய்ஸ் டேப்பை நீட்டி, விழுந்தவனிடமிருந்து விரிப்பின் ஓரம் வரை அளந்தாள்.

“சரி. தூக்கினு போ. ஆனா தூக்கறவன் சுடக்கூடாது, பாதி தூரம்தான் நடப்பான். சம்மதமா?”

சம்மதித்தார். மற்ற நாலு பேரை வைத்து விழுந்தவனை ஓரத்துக்கு இழுத்தார், அதற்குள் இன்னும் இருவர் விழுந்தார்கள், அவர்களையும் இழுத்தார். ஆட்டத்தில் படுதோல்வி. ஆனால் ஐந்தாவது ஆளும் விளிம்பைத் தொட்டபோது கூடம் முழுக்க விசில் பறந்தது, சிங்காரம் ஜெயித்தவரைப் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு மூன்று பேர் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அந்தச் சத்தம் ரிசார்ட் வரைக்கும் போயிருக்க வேண்டும். ஆட்டம் கற்க வந்த ஒரு தம்பதி முதலில் மணலில் இறங்கி வந்தார்கள். பின்னால் ஒரு குடும்பம். “அங்க இன்னும் சிலைடு ஓடுது” என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். ஜாய்ஸ் அவர்களை வலைக்காரர்களுக்கு எதிரில் உட்காரவைத்தாள். பெரிய இடம், சின்ன இடம் எல்லாரும் மீன் பெட்டி மேல்தான்.

பதினொரு மணிக்கு லக்ஷ்மிநாராயணன் வந்தார். விரிப்பில்லாத பளபள மேஜையில் பொம்மைகள் வழுக்குகின்றனவாம், போட்டியாளர்கள் கோபப்படுகிறார்களாம்.

“ஜாய்ஸ், நடந்தது நடந்து போச்சு. மேட்டைக் குடுங்க. அடுத்த வருஷம் பலகைல உங்க பேரைப் பெருசாப் போடறேன்.”

“பாடம்?”

“அது கமிட்டிதான் முடிவு பண்ணணும்.”

“அப்ப மேட்டும் இங்கயே இருக்கட்டும் சார். ஆட வர்றவங்க இங்க வரட்டும்.”

அவர் முகம் சுருங்கியது. “அப்படின்னா நீங்க இனிமே கிளப்ல கிடையாது. செங்கல்பட்டுக் கிளையும் உங்களுது இல்ல. யோசிச்சுக்குங்க.”

நாலு வருஷ உழைப்பு அது. எதிரில் இருந்த அம்மா பகடையைக் கையில் குலுக்கியபடி, போடலாமா என்பது போல அவளைப் பார்த்தார்.

“பேர அடிச்சுடுங்க சார்” என்றாள் ஜாய்ஸ். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “நீங்க போடுங்கம்மா, உங்க முறை” என்றாள்.

மறுநாள் ரிசார்ட்டில் எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. நாற்பது நிமிஷத்தில் இருநூறு நாற்காலி போட அவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் பாடம் எங்கள் கூடத்தில். செங்கல்பட்டு ஆட்டோக்காரரும் நர்ஸும் இங்கே வந்துவிட்டார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் கேட்டு, கூடத்துச் சுவரில் பெயிண்டில் எழுத அனுமதி வாங்கினோம். படகுகளுக்குப் பெயர் எழுதும் கண்ணாயிரம் பிரஷ்ஷோடு வந்தார். ‘ஞாயிறு காலை 10 மணி. சிப்பாய் ஆட்டம். சொல்லித்தருபவர்: ஜாய்ஸ்’ என்று எழுதி நிறுத்தினார்.

“ஊரும் போடு அண்ணாத்த. கருங்குழி காலனின்னு.”

கண்ணாயிரம் தயங்கினார். “கருங்குழி போதாதாமா? காலனின்றது எதுக்கு? இங்க நாலு பேரு நாலு விதமா பேசுவான்.”

“பேசட்டும். அங்கேர்ந்துதான் பஸ் ஏறி வந்துகினு இருக்கேன். முழுசா எழுது.”

எழுதினார். சுவர் போதவில்லை. கடைசி எழுத்து பக்கத்துத் தூணுக்குப் போய்விட்டது. அழித்துவிட்டுச் சின்னதாக எழுதட்டுமா என்று கேட்டார். எழுத்தைச் சின்னதாக்க ஜாய்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.