கழிவு டிரம்மில் கை வைக்காதவர்கள்

இதை வாசிக்க அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, அம்மா அவர்களே,

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பின்னர் கற்றவை யாவும் நூலகத்திலும் தொழிற்சாலையின் உணவு இடைவேளையிலும் நானே தேடிக் கற்றவை. ஆகவே நடையில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். சொல்லும் செய்தியில் பிழையில்லை.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். என் மனைவி பிறந்த வீடு வல்லம் வடகால் பக்கம். அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மூன்று பக்கமும் கம்பெனி மதில்கள் நிற்க, நடுவே ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, அதை லாரிகள் நிறுத்துமிடமாக்கி வாடகைக்கு விட எண்ணியிருந்தார். அதில் மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்போம் என்று கேட்டவன் நான். ஓராண்டு பார்ப்போம், ஓடவில்லையென்றால் லாரிதான் என்று அவர் இசைந்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் ஊதிய சங்குக்கு எழுந்து நடந்தவனுக்கு, தன் கையால் தொடங்கிய வேலை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் வாய்த்தது. அந்த ஓராண்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதே என் ஒரே கவலையாக இருந்தது.

அக்வாபோனிக்ஸ் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அம்முறை எளிமையானது. தொட்டியில் மீன் வளர்கிறது. அதன் கழிவு கலந்த நீர் ஒரு டிரம்முக்கு வருகிறது. கெட்டியானது அங்கே தங்கிவிட, தெளிந்த நீர் கீரைப் பாத்திகளுக்குப் பாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்நீரில் உள்ளதை உரமாக மாற்றித் தருகின்றன. செடி அதை உண்டு நீரைத் தூய்மையாக்க, பம்பு அந்நீரை மீண்டும் மீனுக்கே அனுப்புகிறது. மண் இல்லை, கடை உரமில்லை, பூச்சிமருந்து இல்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஒரு தொல்லை, மின்வெட்டு இன்னொரு தொல்லை. முதலில் விட்ட குஞ்சுகளில் பாதி செத்தன, நுண்ணுயிர் பெருகும்வரை காத்திராமல் மைத்துனர் அவசரப்பட்டதால். இவையெல்லாம் எந்தத் தொழிலிலும் உள்ளவை. இரண்டாம் முறை விட்ட ஜிலேபி மீன்கள் தேறின. லெட்டூஸ் கீரை பூப்போல விரிந்து நின்றது. வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் விடுதி ஒன்று வாரந்தோறும் வாங்கிக்கொள்ள முன்வந்தது.

எல்லாம் அந்த நீல டிரம்மில் வந்து முட்டியது.

டிரம்முக்குள் வலைத்துண்டுகள் அடுக்கியிருக்கும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீவனமும் அவற்றில் படியும். நாள்தோறும் அவற்றை வெளியே எடுத்து அலச வேண்டும். அடியில் தேங்கியதைத் திறந்து விட வேண்டும். வேறு வழியில்லை, கைதான் உள்ளே போக வேண்டும். பழுப்பாக, கொழகொழவென்று, முழங்கை வரை ஏறும். முதல் நாள் எனக்கும் குமட்டியது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டாம் நாள் குறைந்தது. ஒரு வாரத்தில், இயந்திர எண்ணெயில் கை நனைவதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் போயிற்று.

மைத்துனர் வீட்டில் கை கால் நன்றாயுள்ளவர்கள் ஐந்து பேர். ஐவருக்கும் கீரை பறிக்கப் பிடிக்கும், மீனுக்குத் தீவனம் தூவப் பிடிக்கும். டிரம் திறக்கும் வேளையில் ஒருவருக்குத் தொலைபேசி வரும், ஒருவருக்குத் தலைவலி வரும். அவருடைய மனைவி காலையில் மாட்டுச் சாணத்தை வெறுங்கையால் வழித்து எடுப்பவர்; ஞாயிறுதோறும் மீனின் குடலை விரலால் உருவி எறிபவர். அவரே டிரம்மைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் வரை அது சமையல். வெளியே வந்துவிட்டால் அது வேறொருவர் வேலை. அந்த வேறொருவர் யார் என்பது அவர்களுக்கு யோசிக்காமலே தெரிந்திருந்தது.

“அதுக்குன்னு ஆளுங்க கீறாங்க மாமா. நீ ஏன் கையை வுட்டுகினு? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க” என்றார் மைத்துனர்.

காலனியிலிருந்து ஓர் அம்மாளை அழைத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லாதவர், மகள் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். வேலை சுத்தம், பேச்சு குறைவு. வேலைக்கு ஆள் வைப்பதில் தவறில்லை என்று நானும் இருந்தேன். ஆயினும் அவர் கீரைப் பாத்திப் பக்கம் வந்தால் மைத்துனர் மனைவி ஏதேனும் ஒரு வேலை சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்தேன். பறிக்கும் வேலைக்கு அவரை ஒருநாளும் விட்டதில்லை. தாகமெடுத்தால் அவர் குழாயில் கை ஏந்திக் குடிப்பார். பண்ணை முழுவதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அந்தக் காட்சி எனக்குக் கூசியது. ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் பார்க்கையில் அந்த டம்ளர் வேலிக்கம்பத்தில் தனியாக ஒரு ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. யார் மாட்டியது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆணி புதிது.

ஞாயிறன்று படப்பையின் புதிய அடுக்ககங்களிலிருந்து குடும்பங்கள் காரில் வந்து பண்ணையைச் சுற்றிப் பார்க்கும். மைத்துனர் வெள்ளைச் சட்டை அணிந்து முன்னே நடப்பார். மீனோட கழிவுதான் சார் செடிக்குச் சாப்பாடு, இங்க எதுவுமே வேஸ்ட் இல்ல, எல்லாம் தெய்வம் போட்ட கணக்கு என்று கழிவின் பெருமையை அவர் பேசும்போது வந்தவர்கள் கைபேசியில் படமெடுப்பார்கள். டிரம்மின் மேல் அன்று மட்டும் ஒரு தார்ப்பாய் கிடக்கும். அந்த அம்மாளை ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 

பத்து மாதம் ஆனபோது அந்த அம்மாளுக்கு ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. சொல்லாமல் நின்றுவிடவில்லை. ஒரு மாதம் முன்னரே என்னிடம் வந்து சொன்னார். அங்கும் கழுவும் வேலைதானே, இங்கேயே இருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“கழுவறதுதான் ஐயா. ஆனா கையுறை குடுக்கறாங்க, பஸ்ஸு வருது. கேன்டீன்ல எல்லாரும் எடுக்கற டம்ளர்லதான் நாங்களும் எடுக்கலாமாம்” என்றார்.

அதன் பிறகு டிரம் என் பொறுப்பாயிற்று. படப்பையில் உள்ள என் வீட்டிலிருந்து விடியற்காலையில் மொபெட்டில் போய் அலசிவிட்டு வருவேன். நன்றாகவே நடந்தது. அந்நிலையில் என் இடக்கண்ணில் புரை முற்றி, அறுவை செய்தேயாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில வாரங்கள் குனியக் கூடாது, அழுக்கு நீர் கண்ணில் படக் கூடாது. ஓராண்டு நிறைய மிகக் குறைந்த நாட்களே இருந்தன. போவதற்கு முன் மைத்துனர் வீட்டாரை டிரம் அருகே நிறுத்தி, எப்படித் திறப்பது, எப்படி அலசுவது என்று காட்டினேன். ஆளுக்கொரு நாள் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அலசாவிட்டால் நீர் அழுகும், அழுகினால் மீன் மூச்சு முட்டிச் சாகும் என்று இரண்டு முறை சொன்னேன். தலையசைத்தார்கள்.

கண்ணில் கட்டோடு வீட்டில் கிடந்தபடி நாள்தோறும் தொலைபேசியில் கேட்பேன். டிரம் அலசியாயிற்றா? ஆவுது மாமா, ஆவுது மாமா. அதே விடை. நானும் நம்பினேன்.

கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு ஒருநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாயிலிலேயே ஒரு மணம் வந்தது. மீன் பண்ணையில் எழக்கூடாத மணம். அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வருமே, அது. டிரம்மின் மூடியில் ஊதுவத்தித் தண்டுகள் செருகிச் சாம்பலாகிக் கிடந்தன. பக்கத்தில் சாம்பிராணிக் கரண்டி. கீழே இரண்டு காலி பினாயில் பாட்டில்கள்.

தொட்டியைப் பார்த்தேன். நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. மீன்கள் எல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. நான் நின்றுகொண்டிருக்கும்போதே அவையும் நின்றுபோயின.

மைத்துனர் ஓரமாக நின்றிருந்தார். பல் துலக்கும் பிரஷ் கையில் இருந்தது.

“நாத்தம் தாங்கல மாமா. பக்கத்து கம்பெனி செக்யூரிட்டியே கேட்டுட்டான். அதான் ராத்திரி டிரம்முல ரெண்டு பாட்டில் ஊத்தினோம். இவ்ளோ வேலை பண்ணும்னு இன்னா தெரியும்?”

டிரம்மை ஒரு நாளாவது திறந்தீர்களா என்று கேட்டேன். அவர் மனைவி சமையலறை வாயிலிலிருந்து, அது நம்ம வேலையா அண்ணே என்றார். கோபமாகக்கூட இல்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னார். ஐந்து பேர், பத்துக் கைகள். வலைத்துண்டை எடுத்துக் குழாயில் காட்ட ஒரு கையும் நீளவில்லை. சாமிக்குக் காட்டும் புகையைக் கழிவுக்குக் காட்டினார்கள். அதுவும் பலிக்காதபோது கழிவறைக்கு ஊற்றுவதை மீன் குடிக்கும் நீரில் ஊற்றினார்கள். தொடாமல் முடிக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு பட்டவர்களுக்கு, தொட்டு முடித்திருந்தால் அது கால் மணி நேர வேலை.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மீன்களை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மைத்துனர் கைபேசியை எடுத்தார். யாருக்கு என்று நான் கேட்பதற்குள் அந்த அம்மாளின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. கையில் பிரஷோடு காதில் வைக்க முடியாமல் அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் வந்து போம்மா, மீன் கொஞ்சம் செத்துப்போச்சு, உனக்குத்தான் பழக்கம் என்றார். எப்படிச் செத்தது என்று அந்த அம்மாள் கேட்டார். பினாயில் என்றதும் மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

“எனக்கு செகண்ட் ஷிஃப்டு சார், வர முடியாது. நீங்களே எடுத்துப் போடுங்க. மீனு ஒன்னும் கடிக்காது, செத்துதான கீது.” பிறகு, “பெரியவர் கண்ணு எப்படி கீது?” என்றார்.

நன்றாயிருக்கிறது அம்மா என்று நான் அருகில் போய்ச் சொன்னேன். வைத்துவிட்டார்.

இவளுக்கெல்லாம் கம்பெனி கொடுத்த திமிர் என்று மைத்துனர் முணுமுணுத்தார். நான் கைவலையை எடுத்தேன். மருத்துவர் குனியாதே என்றது நினைவிருந்தது. மெதுவாக, கண்ணை மேலே வைத்துக்கொண்டே, வலையை விட்டு அள்ளினேன். குழி மட்டும் மைத்துனர் வெட்டினார். மண் அவருக்குத் தீட்டில்லை. கூடையை நானே தூக்கிப் போய்க் கொட்டி, சுண்ணாம்புத் தூள் தூவி மூடினேன். கீரை முழுவதையும் பிடுங்கி அதே குழியில் போட்டேன். மேலே கிடப்பதை விடுதிக்கு அனுப்பிவிடலாமே, இலை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் கேட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பினாயில் குடித்த கீரையைப் பிறர் தின்னலாம். அதை வளர்த்த கழிவைத் தான் தொடக்கூடாது. இதுதான் அவர் அறிந்த தூய்மை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாளியில் சுடுநீரைப் பின்கட்டில் வைத்திருந்தாள். அவள் தம்பி சொல்லியிருக்கிறார். குளித்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றாள். அந்த ஓராண்டில் எத்தனையோ நாள், டிரம் அலசிவிட்டு வந்த கையோடு அவள் போட்ட சோற்றை உண்டவன் நான். குளித்தேன். 

இப்போது அந்த இடத்தில் டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. தொட்டிகளைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். நீல டிரம்மை மட்டும் மைத்துனர் விற்கவில்லை. லாரி ஓட்டுநர்களுக்காகக் கட்டிய கழிவறையில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். அக்வாபோனிக்ஸ் பற்றி யாரேனும் கேட்டால் அவர் சொல்வது ஒன்றே. நம்ம வெயிலுக்கு அது செட் ஆகாது சார், இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான். சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று பேர் இப்பேச்சைக் கேட்டுத் தொடங்காமல் விட்டார்கள் என்றும் அறிகிறேன். கல்யாண வீடுகளில் என் முன்னாலேயே இதைச் சொல்கிறார். நான் மறுத்தால் என் மனைவி முகம் வாடுகிறது. ஆகவே அங்கே பேசாமல் இங்கே எழுதுகிறேன்.

வெயில் அல்ல, ஐயா. வெயிலைத் தாங்க நாங்கள் பச்சை வலை கட்டியிருந்தோம். உப்பு நீர் அல்ல, மின்வெட்டு அல்ல. மீன்கள் நன்றாக வளர்ந்தன, கீரை நன்றாக விளைந்தது, வாங்குவோர் இருந்தார்கள். கை வைக்க மனமில்லாத ஒரு வீட்டில் அது செத்தது. அவர்களும் என் உறவினர்களே. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாளையும் போவேன்.

இந்த எழுத்தை அச்சிட வேண்டும் என்றோ, பலரிடம் காட்ட வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. அந்தப் பண்ணை எதனால் நின்றது என்று பின்னொரு காலத்தில் யாரேனும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி, தயவுசெய்து இதைக் கிழித்துவிடாமல் தங்களிடம் வைத்திருங்கள்.