இழுத்து வெட்டிய பெனியன் துணி

பெனியன் துணியை என் கண்ணில் காட்டக் கூடாது. வெட்டினால் ஓரம் சுருளும். தைக்கும்போது கைக்குள் நிற்காது. ஊசி பட்டு ஓர் இழை அறுந்தால் அந்த இடத்திலிருந்து ஏணி மாதிரிக் கீழே விட்டுக்கொண்டே போகும். பேசாலையில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் பழகியவள் நான். அந்தத் துணி வைத்த இடத்தில் கிடக்கும்.

இந்த முறை கோயில் திருநாளில் மாதாவின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் எடுக்கும் ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பெனியன் துணி ரீசேர்ட் போட வேண்டும் என்று எங்கள் பகுதி ஆட்கள் முடிவு செய்தார்கள். போடாதவருக்குக் கூட்டில் இடமில்லை. என் மனுசனுக்கு அது நேர்த்தி. வள்ளத்தின் எஞ்சின் நின்று கடலில் கிடந்தபோது, கரை சேர்ந்தால் கூட்டைச் சுமப்பேன் என்று நேர்ந்துவிட்டு வந்தவர். தையல் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெட்ட உதவிக்கு வந்தவர் என் மனுசனின் தமையன். கிழிந்த வலை பொத்துகிறவர். கருவாடு புரட்டிய கையைக் கழுவாமல் துணியைத் தொட்டார். நான் மூக்கை மூடிக்கொண்டேன்.

“மச்சாள், தொளதொளவெண்டு விட்டு அளந்தால் அளவு பிழையாய்ப் போகும். வலைக்கண்ணை இழுத்துப் பிடிச்செல்லோ அளக்கிறது? அங்கால நுனியைப் பிடியுங்கோ.”

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மேசையில் துணியை விறைக்க இழுத்து, விளிம்பில் ஆணி அடித்து வெட்டினோம். ஆணியைக் கழற்றியதும் துண்டுகள் எல்லாம் ஒடுங்கிப்போயின.

“இதென்ன, உயிருள்ள சாமானோ?” என்றார் அவர்.

வலையில் கண்ணுக்குக் கண் முடிச்சு உண்டு. இழுத்த அளவுதான் அதன் அளவு. இந்தச் சனியனில் முடிச்சே இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் கோர்த்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். முன்பக்கம் மீன்முள் போல வரிவரியாகவும் பின்பக்கம் அலை அலையாகவும் தெரியும். குறுக்கே இழுத்தால் வளையங்கள் வாயை அகட்டும், விட்டால் மூடிக்கொள்ளும்.

வேறு துணி இல்லாததால் ஒடுங்கிய துண்டுகளையே தைத்து வைத்தேன். திருநாளுக்கு முதல்நாள் ஆண்கள் போட்டுப் பார்க்க வந்தார்கள். வியர்த்த உடம்போடு ஒவ்வொருவராக அதற்குள் நுழைந்தார்கள். தொப்புளும் கக்கத்து மயிரும் வெளியே தெரிந்தன. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனுசனுக்கு நெஞ்சுக்குக் கீழே சட்டை இறங்கவில்லை.

“சின்னச் சூடைமீனுக்குத் தைச்ச சட்டைக்குள்ள திருக்கையை அடைச்சிருக்கினம்!” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

“இது இல்லாட்டி என்னைக் கூட்டுக்குக் கிட்ட எடுக்கமாட்டாங்கள், இஞ்சேர்,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கழுத்துக்கும் கைக்கும் வைக்க வந்த ரிப் துணி இருந்தது. அதில் ஒரு வரி முன்னால் நிற்கும், அடுத்த வரி பின்னால் பதுங்கும். துருத்தி மாதிரி விரியும், விட்டால் சுருங்கும், ஓரமும் சுருளாது. சட்டைகளின் இரு பக்கத்தையும் பிரித்து அதிலிருந்து நீட்டு நீட்டாகக் கீலம் வெட்டி வைத்துத் தைத்தேன். துணியில் ஏறியிருந்த கருவாட்டு நாற்றம் என் விரலிலும் ஏறியது. கழுத்துக்கும் கைக்கும் ரிப் மிஞ்சவில்லை. கையோரத்தை மடித்துத் தைத்தேன், கழுத்தை வெட்டியபடியே விட்டேன்.

மறுநாள் இவர் கூட்டில் தோள் வைத்தார். பக்கத்துக் கீலங்கள் வயிற்றோடு விரிந்து கொடுத்தன. கழுத்தோரங்கள் மட்டும் வெயிலில் காயும் கருவாடு போலச் சுருண்டு நின்றன. மாதாவைப் பார்க்க நிமிர்ந்தால் என் கண் அந்தக் கழுத்துகளிலேயே போய் விழுந்தது. கோயில் வாசலில் கூட்டை இறக்கியபோது இவர் அழுதார். நானும் அழுதேன், விரலில் அந்த நாற்றத்தின் அருவருப்போடு.

அந்தச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். ஈரப் பாரத்தில் அது முழங்கால் வரைக்கும் நீண்டு தொங்கியது. தமையன் படலையைத் திறந்துகொண்டு வந்து அதைப் பார்த்தார்.

“பாத்தியளோ மச்சாள்? வெட்ட முதல் நனைச்சுப்போட்டு இழுத்திருக்க வேணும்.”

நான் உள்ளே போய்க் கையை இன்னொரு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.