முதுகுப் பெயரை நம்பிச் சிவராசாவை வாங்கிய கதை

1. வேலையில் சேர்ந்த விதம்

உங்கள் முதலாளியின் அக்கா மகனைத் தூக்கி எதிர் டீமுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒருவனுடைய அப்பாவை வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன். அதுவும் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் படித்துப் பட்டம் எடுத்த பிறகு.

ரூ லூயி-பிளாங் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு விமான டிக்கெட் கடையில் கவுண்டரில் இருக்கிறேன். முதலாளி குணம் அண்ணைக்கு ஓர் உதைபந்தாட்ட டீமும் உண்டு. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் லீக் அது. ஊர் ஊராக டீம் கட்டினால் ஊர்ச்சண்டையும் சேர்ந்து மைதானத்துக்கு வருகிறது என்று, ஆட்களை எல்லாம் பொதுவில் விட்டு, டீம்காரர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். அதுதான் ட்ராஃப்ட். எடுத்தவரைப் பிறகு மாற்றிக்கொண்டால் ட்ரேட். கையெழுத்தெல்லாம் கிடையாது. வாயால் சொன்னால் முடிந்தது.

"அண்ணை, டீமை என்னட்டத் தாங்கோ. நான் மேனேஜரா இருக்கிறன்."

"பிள்ளை, நீ ஒரு பந்தும் உதைச்சதில்லை."

"நீங்களும் ஒரு பிளேனும் ஓடினதில்லை. டிக்கெட் விக்கிறியள்தானே?"

சிரித்தார். சிரித்தால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதி நிபந்தனை.

"ஃபைனலுக்குப் போகவேணும். இல்லாட்டி வாற வருஷம் டீம் ஜெரோமின்ர கையில. நீ கவுண்டரை விட்டு எழும்பக்கூடாது."

ஜெரோம் அவருடைய அக்கா மகன், எங்கள் ஸ்ட்ரைக்கர். கோலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசைக்கும் அடிப்பான். அவனிடம் டீமைக் கொடுப்பதா? முதலில் அவனையே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

2. வெண்டிக்காய்

எனக்கு வேண்டியவன் மளிகைக்கடை ராசன் அண்ணையின் டீமில் இருந்தான். சார்செல் புறநகர்ப் பெடியன், நிரோஜன். பந்து காலில் பட்டால் கோல்தான். நாங்கள் இங்கே பிறந்தவர்கள்; ஜெர்ஸியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எங்களுக்கு ஆளின் பெயர். அவன் முதுகில் SIVARASA.

ராசன் அண்ணையின் கடைக்குப் போனேன். யாருக்கோ வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஜெரோமைத் தாறன். சிவராசாவைத் தாங்கோ."

தராசில் கை நின்றது. "ஆரை?"

"சிவராசாவை."

"வடிவா யோசிச்சியோ பிள்ளை?"

"ஓம். வாற வருஷ ட்ராஃப்டில எங்கட முதல் தேர்வையும் நீங்களே வைச்சிருங்கோ."

"சொல்லு மாறக்கூடாது."

"சொன்னாச் சொன்னதுதான்."

போகும்போது ஒரு பை வெண்டிக்காய் சும்மா தந்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். லா சப்பலில் காரணமில்லாமல் எவரும் வெண்டிக்காய் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு ஒரு வெள்ளை வான் வந்தது. முதலில் ஒரு வயிறு இறங்கியது. பின்னால் ஆள்.

"நான்தான் சிவராசா. எனக்கு நாப்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸ் வேணும், பிள்ளை."

எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். நிரோஜன் முதுகில் சுமந்தது அப்பாவை. இவர் சார்செலில் இருந்து பெடியன்களை ஏற்றி வருபவர். பெஞ்சில் இருக்க ஆட்டக்காரராகப் பதிய வேண்டும் என்பதால் அந்த டீமிலேயே பதிந்திருந்தார். ராசன் அண்ணையின் வயதுக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு சிவராசாதான்: அப்பா. ராசன் அண்ணை பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குணம் அண்ணை தலையில் கை வைத்தார். "அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது? உன்ர மகனைக் குடுத்துட்டு ஒரு கிழவனை வாங்கினனாங்கள் எண்டோ?"

"கிழவன் இல்லை அண்ணை. அனுபவம்."

"வானும் சேர்ந்து வருதோ?"

"ஓம்."

"அப்ப வானை முன்னுக்கு விளையாட விடு."

3. அரையிறுதி

சிவராசா அண்ணையைப் பெஞ்சில் வைத்துக்கொண்டே அரையிறுதி வரை வந்துவிட்டோம். எதிரில் ராசன் அண்ணையின் டீம். முன்னுக்கு நிரோஜனும் ஜெரோமும். அன்றைக்கு சிவராசா அண்ணையை எங்கள் கோலுக்கு முன்னால், சென்டர் பேக்கில் இறக்கினேன். யோசித்துத்தான் இறக்கினேன். இதை இன்றுவரை எவரும் நம்புவதில்லை.

நிரோஜன் பந்தோடு பாய்ந்து வந்தான். முன்னால் அப்பா.

"எங்கையடா வாறாய்?"

பெடியன் நின்றுவிட்டான். அப்பாவைத் தோளால் இடித்துவிட்டுப் போகவும் முடியாது, காலுக்கிடையில் பந்தைவிட்டு அவமானப்படுத்தவும் முடியாது. பார்வையாளர் வரிசையில் அம்மா இருக்கிறார்.

"பாப்பா, அரேத்!" அப்பா, நிறுத்துங்கோ என்று பிரெஞ்சில் கெஞ்சினான்.

"என்ன அரேத்? வீட்டை வா, தாறன் அரேத்து."

ராசன் அண்ணை கோட்டுக்கு வெளியே குதித்தார். "டேய் நிரோஜன், அது அப்பா இல்லையடா, டிஃபென்டர்!"

மறுபக்கம் ஜெரோம் மூன்று தரம் வானத்துக்கு அடித்தான். கடைசியில் எங்களுக்கு ஒரு கோர்னர். சிவராசா அண்ணை தன் பாட்டுக்கு முன்னுக்குப் போனார். மகன் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"தள்ளாதை! எனக்குப் பிரஷர் இருக்கு!"

அவன் பயந்து கையை விட்டான். பந்து வந்து அவருடைய பிடரியில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்குப் பூச்சியம். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், நாங்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த பிறகுதான் கோல் என்று அவருக்குத் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னனான், நல்ல ட்ரேட் எண்டு," என்றார் குணம் அண்ணை. மனுசன் வாய் கூசாமல் சொன்னார்.

4. தீர்ப்பு

ஃபைனலில் பொபினியிலும் கடை வைத்திருப்பவரின் டீமிடம் நான்குக்குப் பூச்சியம் வாங்கினோம். அவர்களுடைய ஸ்ட்ரைக்கரின் அப்பா கொழும்பில் இருக்கிறார்; வேறென்ன செய்வது. "எனக்கு அப்பவே தெரியும், மோட்டு ட்ரேட்," என்றார் அதே குணம் அண்ணை. ஆனால் ஃபைனலுக்குப் போயாயிற்று. சொல்லு மாறக்கூடாது. டீம் என் கையில்தான்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ட்ரேட் நல்லதா கூடாததா என்று கடைசியாக நடந்த மாட்ச்சைப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எடுத்த முடிவு முட்டாள்தனம், கிடைத்த பலன் அருமை. இரண்டும் உண்மை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஆளைக் கேட்கும்போது முழுப்பெயரும் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வருட ட்ராஃப்டில் இருந்துகொண்டுதான் இதை போனில் தட்டுகிறேன். பொபினி டீம் சற்று முன் எங்கள் புது ஸ்ட்ரைக்கரின் மாமனாரை எடுத்திருக்கிறது.