துருவக் கடலுக்குப் போன என் பீச்சாங்கை

அக்னி நட்சத்திர வெயிலில் உட்கார்ந்து பனிக்கடலுக்குக் கையுறை தைக்கும் பாக்கியம் ஆம்பூர்க்காரர்களுக்குத்தான் வாய்க்கும். துருவப் பக்கம் போகும் கப்பல் முழுகினால், தப்பிக்க ஏறும் படகில் இந்தக் கையுறை இருக்க வேண்டுமாம். கதகதப்பாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கழற்றாமலே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க முடிய வேண்டும். கழற்றினால் விரல் விறைத்துவிடும்.

எங்கள் தோல் கம்பெனியில் தைத்த சாம்பிள் கையுறை என் கைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர் அம்மா முன்னால் பொட்டலம் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆர்டர் கிடைத்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தேன்.

நான் இடதுகைக்காரி. கத்தரி, ஊசி எல்லாம் இடதுதான். சாப்பாட்டில் மட்டும் என் அம்மா இடது கையை விட்டதில்லை. ஒத்திகையில் இடது கையை நீட்டியதும் சூப்பர்வைசர் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, சோத்துப் பொட்டலத்த பீச்சாங்கையில பிரிக்கிற?"

"முழுகுற கப்பல்ல யாரு சார் அதப் பாக்கப் போறாங்க?"

"இங்க நான் பாக்குறேன் இல்ல."

பையர் அம்மா வந்த அன்று மீன்கடை ஐஸை வாளியில் கொட்டி வைத்திருந்தார்கள். அவர் பார்க்க, கையுறையோடு கைகளை உள்ளே விட்டேன். குளிர் துளியும் ஏறவில்லை. வஞ்சிர வாடைதான் ஏறியது. பிறகு, சூப்பர்வைசருக்காக, வலது கையால் பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தேன். வழுக்கியது. மறுபடி முயன்றேன். நேராக வாளிக்குள் போய் விழுந்தது. என் வேலையும் கூடவே முழுகிவிட்டதென்றுதான் நினைத்தேன்.

பையர் அம்மா சூப்பர்வைசரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கையில பிரிக்கச் சொல்றாங்க," என்றார் மெதுவாக.

இடது கையால் ஒரே கிழி. பையர் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். படகில் ஒட்டும் விளக்கப்படத்துக்கென்று இன்னொரு தரம் பிரிக்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். படத்தை இடம் வலமாக மாற்றிப் போட முடியுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். ஏன் என்று அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை.

ஆர்டர் வந்தது, நான் நிரந்தரமானேன். அச்சாகி வந்த படத்தைப் பெருமையோடு வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"வேல கெட்ச்சிச்சே, அது போதும். ஆனா இத்தப் பாத்துட்டு அந்தக் கப்பல்காரங்க அத்தினி பேரும் பீச்சாங்கையில துன்னுவாங்களேடி."