நான்காவது ஆள்

நான் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறவள் என்று சொன்னால், "கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்குமா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தார் ரோடு இல்லாமல், ஸ்டேடியம் இல்லாமல், புல், சேறு, மேடு, பள்ளம் என்று தரை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓடுவது. இப்படி விளக்கினால் உடனே ஒரு ஜோக் வரும்: ஆவடியில் இருந்து பூந்தமல்லி வரைக்கும் வண்டி ஓட்டினாலே அதுதானே? முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். அதற்கப்புறம் சிரிப்பதில்லை.

நான் பழகியது திருநின்றவூர் ஏரிக்கரையில். மழை பிடித்துவிட்டால் கரைக்குக் கீழே களிமண் காலைக் கவ்வும். காலை நடைக்கு வருகிற ஆட்களெல்லாம் அந்தச் சமயத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நான் அப்போதுதான் அதிகம் ஓடுவேன். ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று, "இன்னாமா இது, வழுக்கி உழுந்து கால உடைச்சிகினா உன்ன எவன் கட்டிக்குவான்?" என்றார். "கட்டிக்கிறவன் ஓடி வந்து புடிக்கட்டும் தாத்தா" என்றேன். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லை. வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் நடக்கிற சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டிக்கு இந்தியப் பெண்கள் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, காலை ரயிலின் லேடீஸ் பெட்டி முழுக்க அம்மா செய்தியைப் பரப்பிவிட்டாள். பூ கட்டுகிறவள், நர்ஸ், காய்கறிக் கூடைக்காரி, ஒருவரையும் விடவில்லை. கிளம்பும்போது என் நெற்றியில் விபூதி பூசி, "ஓடு, ஆனா சும்மா வந்து நிக்காதே. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிகீறேன்" என்றாள். அதுதான் எனக்குப் பெரிய சுமையாக இருந்தது.

போட்டியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். முதலில் வந்து சேருகிற நான்கு பேர் எத்தனையாவது இடத்தில் வந்தார்களோ, அதைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணி ஜெயிக்கும். நான்கு பேர் வந்து சேராவிட்டால் அந்த நாடு அணிகளின் பட்டியலிலேயே இருக்காது. எத்தனை வேகமாக மூன்று பேர் ஓடியிருந்தாலும் சரி.

அங்கே குளிரில் மூக்கு மரத்துப்போனது. முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் முழுக்கச் சேறு. சேற்றைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு ஏரிக்கரை மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் தெம்பு கூட வந்தது. அந்தத் தெம்பு முதல் மேட்டிலேயே போய்விட்டது. துப்பாக்கி வெடித்ததும் மற்ற நாட்டுப் பெண்கள் ஓடிய ஓட்டம் நான் அதுவரை பார்த்தே இராத ஓட்டம். இரண்டாவது வட்டத்திலேயே எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. சேற்றுச் சத்தம் என்னுடையது மட்டும்தான் கேட்டது.

அந்த வட்டத்திலேயே எங்கள் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, தூக்கிக்கொண்டு போனார்கள். பாவம், அது நிஜமான அடி. கடைசிக்கு முந்தின வட்டத்தில் மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு திருப்பம். அங்கே இன்னொருத்தி புல்லில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நெருங்கியதும் எங்களுக்குள் புழங்கிய அரைகுறை இந்தியில் சொன்னாள்: நீயும் உட்கார்ந்துவிடு, கடைசியாகப் போய்ச் சேர்ந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, அடிபட்டது என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அவள் சொன்னது பொய் இல்லை. நம் ஊரில் அப்படித்தான். தோற்றுப்போய் வந்தால் இளக்காரம், நொண்டிக்கொண்டு வந்தால் மரியாதை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலேயே பார்த்திருக்கிறேன். பின்தங்கிவிட்ட பிள்ளைக்குத் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். டீச்சர் ஓடிவந்து தண்ணீர் கொடுப்பார். கடைசியாக வந்து சேருகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு உள்ளே தீப்பிடித்தது போல ஆத்திரம். முன்னால் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான். நான் உட்கார்ந்தால் அந்த மூன்று பேர் ஓடியதும் மண்ணோடு மண்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் அணி மேலாளர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தன் தொடையைத் தட்டிக் காட்டி, வெளியே வந்துவிடு என்று கையை ஆட்டினார். அந்த இன்னொருத்தி மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது. நான்காவதாக அவள் வந்துவிடுவாள், இவள் எதற்குக் கடைசியாக வந்து மானத்தை வாங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வாயைத் திறந்து சொல்ல எனக்கு மூச்சு இல்லை. நான்கு விரலைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். போய்யா என்று தமிழில் முனகிவிட்டு ஓடினேன்.

முதலாவதாக வந்தவள் முடித்துவிட்டாள் என்று ஒலிபெருக்கி கத்தியபோது எனக்கு இன்னும் முக்கால் வட்டம் பாக்கி. கடைசி மேட்டில் ஓடினேன் என்று சொல்ல முடியாது, கையை ஊன்றித்தான் ஏறினேன். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்கத்துக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். நான் வருவதைப் பார்த்துச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்புறம் யாரும் வரவில்லை.

சாயங்காலம் அணிகளின் பட்டியல் திரையில் வந்தது. இந்தியா கடைசியிலிருந்து இரண்டாவது. எங்களைவிட நன்றாக ஓடக்கூடிய ஒரு நாட்டின் பெயர் அதில் இல்லவே இல்லை, அவர்களில் மூன்று பேர்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். முன்னால் ஓடிய எங்கள் பெண்கள் மூன்று பேரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மேலாளர் என் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்தால் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். என் ஆதார் போட்டோவைப் பெரிதாக்கி, "உலக சாதனை மங்கையே வருக" என்று. மாலை, சால்வை, வெடி, மைக் செட் எல்லாம் தயார். ஏற்பாடு செய்தவர் எங்கள் தெருக் கட்சிக்காரர், எல்லோருக்கும் அண்ணாத்தே. என்னைத் தனியாக இழுத்து, "தங்கச்சி, எத்தினியாவது வந்தே?" என்றார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "செரி, உடு. மைக்ல கால் சதை புடிச்சிகிச்சின்னு ஒரு வார்த்தை போட்டுடு. ஜனம் கண்ணு கலங்கிடும். கடைசின்னு மட்டும் சொல்லிடாதே, அவ்ளோ பெரிசா ஃபிளெக்ஸ் வேற வச்சிகீறேன்" என்றார்.

மைக்கை வாங்கினேன். கூட்டத்தின் முன்வரிசையில் அம்மா, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவையில். அவள் முகத்தைப் பார்த்தபோது ஒரு நொடி எனக்கும் தொடை வலிப்பது போலத்தான் இருந்தது. "நான் கடைசியா வந்தேன். கால்ல அடியெல்லாம் ஒண்ணும் இல்ல, என்னால அவ்ளோதான் முடிஞ்சது" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை. ஆறு பேர், நான்கு பேர், பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப்பேர் கேட்கவில்லை. பட்டாசுக்காரன் எப்போது கொளுத்துவது என்று அண்ணாத்தேயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டே வெடித்தாள். "இத்த மைக்கு போட்டு சொல்லணுமாடி? நாளைக்கு நான் ரயில் ஏற வேணாமா?" நானும் கத்தினேன். "ஏறு. கடைசின்னு சொல்லிகினே ஏறு. நான் இன்னா திருடிகினா வந்தேன்?" ராத்திரி இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஒரே ரயில். நான் ஆவடியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், அவள் அம்பத்தூர். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது, நான் கதவோரம் நின்றேன். பூ கட்டுகிறவள் கட்டுவதை நிறுத்தாமல், "இன்னாக்கா, உம் பொண்ணுக்குக் கால்ல அடியாமே? இல்லாங்காட்டி ஜெயிச்சிருக்கும், இல்ல?" என்றாள். அண்ணாத்தே பரப்பிவிட்டிருப்பார். அவள் பரிதாபமாகத்தான் கேட்டாள். பெட்டி அம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் மானம் மிஞ்சும்.

"அடியும் இல்ல, ஒரு எழவும் இல்ல" என்றாள் அம்மா, பெட்டிக்கே கேட்கும்படி. "கடைசியாதான் வந்தா. இவ வந்து சேரலைன்னா நம்ம நாட்டுப் பேரே லிஸ்ட்ல வந்திருக்குமா? நாலு பேர் வரணும்டி, நாலாவது ஆளு இவ. தெரிஞ்சிகினு பேசு."

பேசி முடித்தும் என் முகத்தை அவள் பார்க்கவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளை இடித்துத் தள்ளி நகர வைத்தாள். "வந்து ஒக்காருடி" என்றாள். ஆவடி அடுத்த ஸ்டேஷன்தான். ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.